ஈரல் நோயாளியின் கிரியட்டினின் ‘நோர்மல்’ என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுநீரக நோய் என்றதும் எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் பேச்சு உடனே, சிறுநீரக நோயாளிகள் அதிகமுள்ள பதவி ஸ்ரீபுரப் பக்கமும் கிணற்று நீர்ப் பக்கமும் போய்விடுகிறது. அது பேசப்பட வேண்டியதுதான். ஆனால் கிணற்று நீரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் சிறுநீரகம் செயலிழந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். நாட்பட்ட ஈரல் நோய் உள்ளவர்களைத்தான் சொல்கிறோம். கசிப்பும் சாராயமும் குடித்து ஈரல் கெட்டவர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒரு துளியும் குடிக்காத, சீனி வருத்தமும் உடற்பருமனும் உள்ள, ஈரலில் கொழுப்புப் படிந்து பின்னர் ஈரல் தழும்பேறும் சிரோசிஸ் வரை போன அம்மாமாரும் இதில் அடக்கம். ‘தண்ணீர் நிறையக் குடியுங்கள், இளநீர் குடியுங்கள், புரதத்தைக் குறையுங்கள்’ என்று பத்திரிகைகளின் சுகாதாரப் பக்கங்களில் வரும் சிறுநீரகக் குறிப்புகளில் ஒன்றுகூட இவர்களுக்கு அப்படியே பொருந்தாது. சிலவேளை எதிராகவே வேலை செய்யும்.

ஆய்வுகூட அறிக்கையில் இருந்து தொடங்குகிறோம், பிழை அங்கேதான் ஆரம்பிக்கிறது. சீரம் கிரியட்டினின் என்பது இரத்தத்தில் உள்ள ஒரு கழிவின் அளவு, சிறுநீரகம் தளர்ந்தால் அது ஏறும். போன வாரம் அது 0.7 இருந்த ஒருவருக்கு இந்த வாரம் 1.1 வருகிறது. அறிக்கையில் அச்சிட்டிருக்கும் சாதாரண எல்லை 1.2 வரை. எண்ணுக்குப் பக்கத்தில் அம்புக்குறியும் இல்லை, தடித்த எழுத்தும் இல்லை. ‘நோர்மல்தானே’ என்று வீட்டார் அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறார்கள். உண்மையில் சிறுநீரகம் ஏற்கெனவே அடிவாங்கிவிட்டது. கிரியட்டினின் 48 மணிநேரத்துக்குள் 0.3 கூடினாலோ, ஏழு நாளுக்குள் பழைய எண்ணின் ஒன்றரை மடங்கானாலோ அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்று ஈரல் நோய்க்கான சர்வதேச நிபுணர் குழு 2015 இல் வரையறுத்தது. அதற்கு முன்னர் 1.5 ஐத் தாண்டினால்தான் கவலைப்படுவது வழக்கம். அந்த வழக்கத்தைக் கைவிட்டதற்குக் காரணம் இருக்கிறது.

கிரியட்டினின் தசையில் இருந்து வரும் கழிவு. அதற்கு மூலமான கிரியட்டின் உருவாவது ஈரலில். ஈரல் கெட்டால் மூலமே குறைகிறது. சிரோசிஸ் முற்றியவருக்கு வயிறு பெருத்திருந்தாலும் கைகளும் தொடைகளும் மெலிந்து தசை கரைந்திருக்கும், அதனால் கழிவு இன்னும் குறைகிறது. உடம்பில் தேங்கிய நீர் அதை ஐதாக்குகிறது. போதாக்குறைக்கு, கண் மஞ்சளாகும் அளவுக்குப் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் ஏறியிருந்தால், பல ஆய்வுகூடங்கள் பாவிக்கும் யாஃபே என்ற பரிசோதனை முறை எண்ணை உள்ளதிலும் குறைத்துக் காட்டக்கூடும். ஆகவே வடிகட்டும் திறன் பாதியாகக் குறைந்த பின்னும் எண் ‘எல்லைக்குள்’ நிற்கலாம். அந்த எண்ணை வைத்தே கணக்கிட்டு அடியில் அச்சிடும் இ.ஜி.எஃப்.ஆர். (வடிகட்டும் திறனின் மதிப்பீடு) வரியும் சிறுநீரகத்தை உள்ளதைவிட நல்லதாகவே காட்டும். சிஸ்டட்டின் சி என்ற பரிசோதனை தசையை அவ்வளவாகச் சார்ந்திராது. ஆனால் அது எல்லா இடத்திலும் செய்யப்படுவதில்லை, விலையும் கூட. எனவே நடைமுறையில் ஒரே வழிதான் உண்டு. நோயாளியின் எண்ணை ஊராரின் எல்லையோடு ஒப்பிடாமல் அவருடைய பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

இந்த ஒப்பீட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு ஆய்வுகூடம் டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கொடுக்கும், இன்னொன்று லீற்றருக்கு இத்தனை மைக்ரோமோல் என்று கொடுக்கும். முதலாவதில் 0.7 என்பது இரண்டாவதில் 62. முதலாவதில் 1.1 என்பது இரண்டாவதில் 97. இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 0.7 எப்படி 97 ஆனது என்று பதறுகிறவர்களும் உண்டு, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. மில்லிகிராம் எண்ணை 88.4 ஆல் பெருக்கினால் மைக்ரோமோல் எண் வரும். மேலே சொன்ன 0.3 கூடுதல் என்பது மைக்ரோமோலில் 26.5. கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில், நோயாளி நன்றாக இருந்த நாளின் கிரியட்டினின், அதன் அலகு, திகதி, அன்றைய உடல் நிறை ஆகிய நான்கையும் பெரிதாக எழுதி வைத்தால், இரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் பார்க்கும் டொக்டருக்கு அதைவிட உதவியான தகவல் வேறு கிடையாது.

ஈரல் கெட்டால் சிறுநீரகம் ஏன் கெட வேண்டும்? கந்தளாய்க் குளத்து நீர் வாய்க்காலில் மேல்மடையில் பெரிய உடைப்பு ஏற்பட்டால் குளம் நிறைந்திருந்தும் கடைமடை வயல் காயும். சிரோசிஸில் நடப்பதும் அதுதான். தழும்பேறிய ஈரலுக்குள் இரத்தம் நுழையச் சிரமப்படுகிறது. அந்த அழுத்தத்தின் விளைவாகக் குடல் பகுதி இரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறி விரிந்துவிடுகின்றன. இரத்தம் அங்கேயே தங்க, பிரதான நாடிகளில் அழுத்தம் இறங்குகிறது. இதை உடம்பு நீரிழப்பு என்று எடுத்துக்கொண்டு, உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும் ஹோர்மோன்களைச் சுரக்கிறது. பிடித்து வைத்த நீர் வயிற்றிலும் காலிலும் சேர்கிறது. அதே ஹோர்மோன்கள் சிறுநீரகத்துக்குப் போகும் குழாய்களையும் சுருக்குகின்றன. வயிறு நிறைய நீர் இருந்தும் சிறுநீரகம் தாகத்தில் கிடப்பது இப்படித்தான். இந்த நிலையில் சிறுநீரகம் நூலில் தொங்குகிறது, ஒரு சின்ன இழுப்பு போதும்.

அந்த இழுப்பு பெரும்பாலும் பாமசியில் இருந்து வருகிறது. சுருங்கிக் கிடக்கும் சிறுநீரகக் குழாயைக் கொஞ்சமாவது திறந்து வைத்திருப்பது புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள். டைக்குளோபினாக், ஐபுபுரொபன், மெபனமிக் அசிட் போன்ற நோக்குளிசைகள் தடுப்பது அதைத்தான். ஆரோக்கியமான ஒருவருக்கு இரண்டு நாள் போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வயிற்றில் நீர் கட்டியவருக்கு அதே இரண்டு நாள் போதும், சலம் (சிறுநீர்) குறைந்துவிடும். குளிசையாகப் போட்டாலும், ஊசியாக ஏற்றினாலும், மலவாசலில் வைத்தாலும் விளைவு ஒன்றுதான். வயிற்றுக்கு நல்லது என்று விற்கப்படும் செலிகொக்சிப், எட்டோரிகொக்சிப் வகைகளும் சிறுநீரகத்தைப் பொறுத்தவரை இதே கூட்டம். 2017 கிண்ணியா டெங்குக் காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்குக் காய்ச்சலுக்கு இவை கூடாது என்பது தெரிந்திருக்கும். மூட்டு நோவுக்கும் பல்வலிக்கும் கூடாது என்பதுதான் இன்னும் வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

அப்படியானால் நோவுக்கு எதைப் போடுவது? பரசிட்டமோல். ஈரலுக்குக் கூடாதது என்று பயந்து அதைத் தவிர்த்து, டைக்குளோபினாக்கைப் போடுகிறவர்கள் பாம்புக்குப் பயந்து கிணற்றில் விழுகிறார்கள். குடிப்பழக்கம் இல்லாத, ஓரளவு சாப்பிடுகிற சிரோசிஸ் நோயாளிக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளைக்கு மொத்தம் நான்குக்கு மேற்படாமல், ஆறு மணிநேர இடைவெளியில், சில நாட்களுக்குப் பாதுகாப்பானது என்பதே பொதுவான வழிகாட்டல். தண்ணீரில் நுரைத்துக் கரையும் பரசிட்டமோல் மட்டும் வேண்டாம். அந்த ஒரு குளிசையிலேயே ஏறத்தாழ ஒரு கிராம் உப்புக்குச் சமமான சோடியம் இருக்கிறது.

நோக்குளிசையோடு வேறு சிலவும் சேர்ந்துகொள்கின்றன. முன்பு பிரஷருக்காகத் தொடங்கிய லோசாட்டன், எனலாபிரில் போன்றவற்றை வயிற்றில் நீர் கட்டிய பின்னும் யாரும் நிறுத்தச் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவற்றைத் தொடர்வதா என்பதை அடுத்த கிளினிக்கிலேயே கேட்க வேண்டும். உணவுக்குழாயில் வீங்கிய இரத்த நாளங்களில் இருந்து இரத்தம் கசியாமல் இருக்கக் கொடுக்கும் புரொப்ரனலோல் நல்ல மருந்து. ஆனால் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 90 இற்குக் கீழ் போனாலோ சிறுநீரகம் கெடத் தொடங்கினாலோ அதைக் குறைக்க அல்லது நிறுத்த வேண்டி வரும். ஜென்டமைசின் என்ற அன்டிபயோட்டிக் ஊசியும், ஸ்கேனுக்கு ஏற்றும் சாயமும் கூடச் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். ‘எனக்கு ஈரலில் சிரோசிஸ், வயிற்றில் நீர்’ என்று நோயாளி தானாகவே முன்கூட்டிச் சொல்ல வேண்டிய இடங்கள் இவை.

இனி, தேங்கிய நீரைச் சலமாக வெளியேற்றும் நீர்க்குளிசை. ஸ்பைரோனோலக்டோன் 100 மில்லிகிராமும் புரூசமைட் 40 மில்லிகிராமும் என்ற விகிதத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். உச்ச அளவு 400 உம் 160 உம். கெடுதல் இரண்டு பக்கமும் வரும். வயிறு வற்றவில்லை என்று தானாகவே ஒன்று கூட்டிப் போடுகிறவர்கள் உண்டு. அதன் அளவுகோல் வயிற்றின் தோற்றம் அல்ல, தராசு. காலையில் எழுந்து சலம் போன பின், தேத்தண்ணீர் குடிக்கு முன், ஒரே தராசில், ஒரே மாதிரி உடுப்போடு நிறுக்க வேண்டும். காலில் வீக்கம் இல்லாதவருக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்கக் கூடாது, வீக்கம் உள்ளவருக்கு ஒரு கிலோ வரை இறங்கலாம். வயிற்று உறை ஒரு நாளில் திருப்பிக் கொடுக்கக்கூடிய நீர் அவ்வளவுதான். அதற்கு மேல் இறங்கினால் அந்த நீர் இரத்த ஓட்டத்தில் இருந்து போகிறது, அது சிறுநீரகத்தின் பங்கு. இரத்தத்தில் சோடியம் 125 இற்குக் கீழ் போனாலோ, கிரியட்டினின் ஏறினாலோ, மயக்கமும் குழப்பமும் கூடினாலோ குளிசையை நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வயிற்றோட்டமோ வாந்தியோ தொடங்கிய நாளிலும் அப்படியே. அன்று நீர்க்குளிசையைப் போடாமல் உடனே கிளினிக்கோடு பேசுவதுதான் சரி, ‘மருந்தை விடக் கூடாது’ என்ற ஒழுங்கு அன்றைக்குப் பொருந்தாது.

வயிற்றோட்டம் என்றதும் லக்டுலோஸ் பாணியைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஈரல் நோயால் மனக்குழப்பம் வராமல் இருக்கக் கொடுக்கும், மலத்தை இளக்கும் மருந்து அது. நாளொன்றுக்கு இரண்டு மூன்று தரம் இளகலாகப் போனால் அளவு சரி. ஆறு ஏழு தரம் தண்ணீராகப் போகிறது, ‘நன்றாக வேலை செய்கிறது’ என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அது நீரிழப்பு. அளவைக் குறைக்க வேண்டும். வைகாசி தொடங்கி ஆவணி வரை இங்கே கச்சான் காற்று வீசும்போது வியர்த்தே ஒருவர் காய்ந்துவிடலாம். நீர்க்குளிசை, லக்டுலோஸ், கச்சான் மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. அந்த மாதங்களில் இரத்தப் பரிசோதனையைக் கொஞ்சம் நெருக்கமாகச் செய்வது நல்லது.

நோன்பு பற்றியும் கிண்ணியா, மூதூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. வயிற்றில் நீர் கட்டியவருக்குப் பகல் முழுக்க நீரும் உணவும் இல்லாமல் இருப்பது ஆபத்து. சிரோசிஸ் உடம்பு சில மணிநேரப் பட்டினியிலேயே தசையைக் கரைக்கத் தொடங்கும். அதனால்தான் இரவு படுக்கு முன் ஒரு சிற்றுணவு சாப்பிடச் சொல்கிறார்கள். நோன்பு பிடிப்பதா என்பதை ரமழான் தொடங்க ஒரு மாதம் முன்னரே வைத்தியரோடும், தேவையானால் மௌலவியோடும் பேசித் தீர்மானிக்க வேண்டும். குளிசை நேரங்களைத் தாங்களாகவே மாற்றிக்கொள்வது கூடாது.

சாப்பாட்டில் முதல் எதிரி உப்பு. நாளொன்றுக்கு எல்லாமாகச் சேர்த்து ஐந்து கிராம், அதாவது தேக்கரண்டியில் தட்டையாக ஒன்று. கடற்கரை ஊரில் இதைச் சொல்வது இலகு, செய்வது கடினம். உப்புப் போட்ட கருவாட்டில் நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பாகவே இருப்பது சாதாரணம். ஒரு நடுத்தரத் துண்டிலேயே நாளின் பாதிப் பங்கு போய்விடும். ஊற வைத்துக் கழுவினால் குறையுமே தவிரப் போகாது. அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், ரின்மீன், சூப் கட்டி எல்லாம் இதே கணக்கில் சேரும். பச்சை மீனைத் தேசிக்காயும் மிளகும் போட்டுச் சமைத்தால் உப்பில்லாத குறை பாதி தெரியாது. களைப்பாக இருக்கிறது என்று ‘ஒரு சேலைன்’ ஏற்றிக்கொள்வதையும் விட வேண்டும். ஒரு லீற்றர் சேலைனில் ஒன்பது கிராம் உப்பு இருக்கிறது. நீரிழப்பு உள்ளவருக்கு வைத்தியசாலையில் அளந்து ஏற்றுவது வேறு, தெம்புக்கு ஏற்றுவது வேறு.

சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் கிடைப்பதை வாங்க வேண்டாம். அதில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம். ஸ்பைரோனோலக்டோன் ஏற்கெனவே பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் மருந்து, சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் இரத்தத்தில் அது ஏறி இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். இளநீரைத் தவிர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பெரிய குரும்பை ஒன்றில் ஒரு கிராம் வரை பொட்டாசியம் இருக்கலாம். பொட்டாசியம் சரியாக உள்ளவருக்கு எப்போதாவது ஒன்று பரவாயில்லை, கிரியட்டினின் ஏறியவருக்கு ஒன்றும் வேண்டாம். தண்ணீரைப் பொறுத்தவரை, சோடியம் 125 இற்கு மேல் உள்ளவரைத் தாகத்தோடு வைத்திருக்க அவசியமில்லை, மூன்று லீற்றர் குடிக்க வைக்கவும் தேவையில்லை. புரதத்தைக் குறைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். கிலோ நிறைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவை. ஐம்பது கிலோ உள்ளவருக்கு 60 முதல் 75 கிராம்.

நாட்டு மருந்து பற்றிச் சுருக்கமாக. எல்லா மூலிகையையும் ஒரே தராசில் வைக்க நாங்கள் விரும்பவில்லை. ஆனால் ஈஸ்வரமூலி என்ற பெருமருந்தில் உள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கும் என்பது உறுதியாகத் தெரிந்த விடயம். காமரங்காய்ச் சாறும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு நஞ்சு. என்ன சரக்கு என்று பெயர் சொல்லாத சூரணத்தை எவர் தந்தாலும் வாங்க வேண்டாம்.

இத்தனையும் ஒழுங்காக இருந்தும் சிறுநீரகம் திடீரெனக் கெட்டால் முதலில் தேட வேண்டியது தொற்று. வயிற்று நீரில் கிருமி சேர்ந்தால் காய்ச்சல் வரத்தான் வேண்டும் என்றில்லை, வயிற்றுவலியும் இல்லாமல் இருக்கலாம். சலம் குறைவதும் ஆள் சற்று மந்தமாவதும் மட்டுமே அடையாளமாக இருக்கும். வயிற்று நீரில் இருபது முப்பது மில்லிலீற்றரை ஊசியால் எடுத்து, ஒரு கன மில்லிமீற்றரில் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் தொற்று உறுதி. ‘நீர் எடுத்தால் கிட்னி போய்விடும்’ என்ற பயத்தில் பலர் இதற்குச் சம்மதிப்பதில்லை. பயத்துக்குக் காரணமான உண்மை வேறு. ஐந்து லீற்றருக்கு மேல் எடுத்துவிட்டு அல்புமின் என்ற இரத்தப் புரதத்தை ஏற்றாமல் விட்டால்தான் சில நாட்களில் சிறுநீரகம் கெடும். எடுக்கும் ஒவ்வொரு லீற்றருக்கும் 6 முதல் 8 கிராம் அல்புமின் வேண்டும். 20 சதவீத அல்புமின் 100 மில்லிலீற்றர் போத்தலில் இருப்பது 20 கிராம். எட்டு லீற்றர் எடுத்தால் ஏறத்தாழ மூன்று போத்தல். சோதனைக்கு எடுக்கும் சிறு அளவுக்கு இந்தக் கணக்கே இல்லை. தொற்று உறுதியானால் அன்டிபயோட்டிக்கோடு முதல் நாள் கிலோவுக்கு 1.5 கிராமும் மூன்றாம் நாள் 1 கிராமும் அல்புமின் கொடுத்தால் சிறுநீரகப் பாதிப்பும் மரணமும் குறைகின்றன என்பது 1999 இலேயே காட்டப்பட்டது. அல்புமின் விலை கூடியது என்பதை அறிவோம். எதற்குக் கட்டாயம், எதற்கு இல்லை என்பது தெரிந்தால்தான் இருப்பதைச் சரியான ஆளுக்குக் கொடுக்கலாம்.

தொற்றும் இல்லை, இரத்தப்போக்கும் இல்லை, நீர்க்குளிசையை நிறுத்தி, தேவையான அளவு அல்புமின் அல்லது திரவம் ஏற்றியும் கிரியட்டினின் இறங்கவில்லை, சலத்தில் இரத்தமும் புரதமும் இல்லை, ஸ்கேனிலும் சிறுநீரகம் சரி என்றால் அதை ஹெபட்டோரீனல் சின்ட்ரோம், அதாவது ஈரல் நோயால் வரும் சிறுநீரகச் செயலிழப்பு என்கிறார்கள். முன்பு இதைத் தீர்மானிக்க இரண்டு நாள் காத்திருந்தார்கள். 2024 இன் நிபுணர் உடன்பாடு அதை 24 மணிநேரமாக்கியது, ஏனென்றால் கிரியட்டினின் ஏற ஏற மருந்து வேலை செய்வது குறைகிறது. டெர்லிபிரசின் அல்லது நோஅட்ரினலினை அல்புமினோடு கொடுத்து, விரிந்த குடற்குழாய்களைச் சுருக்கிச் சிறுநீரகத்துக்கு இரத்தத்தைத் திருப்புவதே சிகிச்சை. மூச்சுத் திணறலும் ஒட்சிசன் குறைவும் உள்ளவருக்கு டெர்லிபிரசின் ஆபத்தானது. ‘டயலிசிஸ் செய்தால் சரிதானே’ என்று உறவினர்கள் கேட்பது இயல்பு. இந்த நோயில் டயலிசிஸ் நேரத்தை வாங்கித் தரும், நோயைத் தீர்க்காது. சிறுநீரகம் உள்ளே பெரும்பாலும் பழுதில்லாமல்தான் இருக்கிறது. இந்த நிலையில் இறந்தவர்களின் சிறுநீரகங்களை வேறு நோயாளிகளுக்குப் பொருத்தியபோது அவை வேலை செய்தன என்று 1969 இலேயே பதிவாகியிருக்கிறது. கெட்டது ஈரல், மாற்ற வேண்டியதும் ஈரல். இலங்கையில் ராகமையிலும் கொழும்பிலும் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை நடக்கிறது. தகுதி பார்ப்பதற்கான அனுப்புகைக் கடிதத்தை, சலம் நின்ற பிறகல்ல, வயிற்றில் முதன்முறை நீர் கட்டிய காலத்திலேயே கேட்க வேண்டும்.

வீட்டில் சலத்தை அளப்பது இலகு. வெறும் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் வாயை அகலமாக வெட்டி, அரை லீற்றரில் ஒரு கோடு போட்டால் போதும். 24 மணிநேரச் சலம் அந்தக் கோட்டைத் தொடவில்லை என்றால் அடுத்த கிளினிக் திகதியைப் பார்த்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கறுப்பு மலம், இரத்த வாந்தி, புதிதாகத் தொடங்கிய தடுமாற்றம் ஆகியவற்றுக்கும் அதுவே. போகும்போது கிளினிக் கொப்பியோடு, வீட்டில் இருக்கும் குளிசை அட்டைகள் எல்லாவற்றையும், பாமசியில் கடதாசிப் பையில் கட்டித் தந்தவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். காரணம் பெரும்பாலும் அந்தப் பைக்குள்தான் இருக்கும்.

ஆய்வுகூடங்களிடம் ஒரு கோரிக்கை: அதே நோயாளியின் முந்தைய எண்ணும் திகதியும் உங்கள் கணினியில் இருந்தால், புதிய எண்ணுக்குப் பக்கத்தில் அவற்றையும் அச்சிடுங்கள். பாமசிக்காரர்களிடம் இன்னொன்று: நோக்குளிசை கேட்டு வருபவரிடம், அது யாருக்கு, அவர் நீர்க்குளிசை போடுகிறவரா, வயிறோ காலோ வீங்கியிருக்கிறதா என்று மூன்று கேள்வி கேளுங்கள். இரண்டாவதுக்கோ மூன்றாவதுக்கோ ‘ஓம்’ என்று பதில் வந்தால் பரசிட்டமோலைக் கொடுத்து, டொக்டரிடம் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஈரல் நோய்ப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
உவர்மலை, திருகோணமலை.